சீமையில் படித்த பாரிஸ்டருக்கு வழக்கு இல்லை!

பையனைச் சட்டம் படிக்க வைக்கலாமா? படித்தால் பிழைக்க முடியுமா? ஊரில் வக்கீல்களுக்கா பஞ்சம்? இவனைத் தேடி யார் வரப்போகிறார்கள்?

இன்றும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. 1888-ம் ஆண்டில், ராஜ்கோட் நகரில் ஒரு வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது.

அந்த வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு அப்போது வயது 18. பெயர், மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி.

பிற்காலத்தில் உலகம் போற்றிய காந்தியடிகள், சட்டம் படித்து முடித்த பிறகு வழக்கு இல்லாமல் திண்டாடியவர். மாதம் 75 ரூபாய் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட்டு, அதுவும் கிடைக்காமல் திரும்பியவர். அந்த நாட்களின் கதை இது.

குடும்ப ஆலோசனை

மோகன்தாஸின் தந்தை கரம்சந்த் காந்தி, போர்பந்தர், ராஜ்கோட் சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர். 1885-ல் காலமாகிவிட்டார். பெரிய பதவியில் இருந்தவர்தான். ஆனால் சொத்து அதிகம் சேர்க்கவில்லை. குடும்பப் பாரம் மூத்த அண்ணன் லட்சுமிதாஸ் தலையில் விழுந்தது.

மோகன்தாஸ் 1887-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். பவநகரில் உள்ள சமல்தாஸ் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பாடம் புரியவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. முதல் பருவம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

அப்போது வீட்டுக்கு வந்தார், மாவ்ஜி தவே. குடும்பத்துக்கு நெடுநாள் நண்பர். விவரம் தெரிந்த அந்தணர். நல்லது கெட்டதுக்கு அவரைக் கேட்பது அந்த வீட்டு வழக்கம்.

அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

பி.ஏ. பட்டம் வாங்க நாலைந்து வருஷம் ஆகும். அதன் பிறகு மாதம் 60 ரூபாய் உத்தியோகம் கிடைக்கும். திவான் பதவி கிடைக்காது. பி.ஏ.வுக்கு மேல் இங்கேயே சட்டமும் படித்தால் இன்னும் பல வருஷம் போய்விடும். அதற்குள் வக்கீல்கள் பெருகிவிடுவார்கள். ஒரு பதவிக்குப் பல பேர் போட்டி போடுவார்கள். ஆகவே பையனைச் சீமைக்கு அனுப்புங்கள். மூன்று வருஷத்தில் பாரிஸ்டர் ஆகலாம். செலவு நாலைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது. இதுதான் அவர் சொன்ன யோசனை.

மோகன்தாஸுக்கு டாக்டர் படிப்பில் ஆசை இருந்தது. ஆனால் பிணத்தை அறுத்துப் படிக்கும் படிப்பு வைணவக் குடும்பத்துக்கு ஆகாது என்பது தந்தையின் கருத்து என்று அண்ணன் சொன்னார். டாக்டர் படித்தால் திவான் ஆகவும் முடியாது. எனவே சட்டமே முடிவாயிற்று.

பணத்துக்கு என்ன வழி?

நாலைந்தாயிரம் ரூபாய் என்பது அன்று பெரும் தொகை. மாதம் 60 ரூபாய் சம்பளக்காரருக்கு ஆறேழு வருஷ வருமானம்!

போர்பந்தர் சமஸ்தானத்தில் உதவித் தொகை கேட்கலாம் என்று தோன்றியது. மோகன்தாஸ் மாட்டு வண்டியிலும் ஒட்டகத்திலும் பிரயாணம் செய்து போர்பந்தர் போனார். அங்கே நிர்வாகத்தைக் கவனித்த ஆங்கிலேய அதிகாரியைக் கண்டார். அவர் மாடிப்படி ஏறிக்கொண்டே, முதலில் பி.ஏ. தேறி வா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மனைவி கஸ்தூரிபாயின் நகைகளை விற்கலாமா என்று மோகன்தாஸ் யோசித்தார். கடைசியில் அண்ணன், எப்படியாவது நான் பணம் தேடுகிறேன் என்று பொறுப்பு ஏற்றுக்கொண்டார்.

தாயார் புத்லிபாய்க்குக் கலக்கம். கடல் கடந்து போகும் பிள்ளை கெட்டுப்போவான் என்று பலர் சொல்லியிருந்தார்கள். மது, மாமிசம், மாதர் மூன்றையும் தொடுவதில்லை என்று மகன் சத்தியம் செய்து கொடுத்தபின்தான் விடை கொடுத்தார்.

பம்பாயில் ஜாதிக் கூட்டம் கூடியது. கடல் கடப்பது பாவம் என்றார்கள். மோகன்தாஸ் கேட்கவில்லை. ஜாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். அவருக்கு உதவி செய்பவருக்கோ, துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகிறவருக்கோ 1 ரூபாய் 4 அணா அபராதம்! அண்ணன் கொடுத்து வைத்திருந்த பணத்தைத் தர மைத்துனர் மறுத்தார். ஜாதிக் கட்டுப்பாடு அவரைப் பயமுறுத்தியது. பிறகு வேறொரு நண்பரிடம் கடன் வாங்கிப் பிரயாணச் செலவைச் சரிக்கட்டினார்கள்.

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி மோகன்தாஸ் கப்பல் ஏறினார். வீட்டில் இளம் மனைவி. கையில் சில மாதக் குழந்தை.

சாப்பிட்டால் பாரிஸ்டர்!

லண்டனில் பாரிஸ்டர் ஆக நாலு பழைய சட்டச் சங்கங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு இன்னர் டெம்பிள் என்று பெயர். 1888 நவம்பரில் காந்தி அதில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் பாரிஸ்டர் ஆவதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, 12 பருவம் முடிக்க வேண்டும். ஏறக்குறைய மூன்று வருஷம். இரண்டாவது, பரீட்சை தேற வேண்டும்.

பருவம் முடிப்பது என்றால் என்ன? பாடம் கேட்பது அல்ல. விருந்து சாப்பிடுவது! ஒவ்வொரு பருவத்திலும் சுமார் 24 விருந்துகள் நடக்கும். குறைந்தது ஆறு விருந்துக்காவது போய் உட்கார வேண்டும். பெரிய வக்கீல்களோடு பழகி நாகரிகம் கற்க வேண்டும் என்பதற்காக எப்போதோ ஏற்பட்ட பழக்கம். காலப்போக்கில் அதன் பொருள் போய்விட்டது. சாப்பாடு மட்டும் மிஞ்சியது.

காந்தியோ மாமிசம் தொடமாட்டார். ரொட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கு, கோசு இவற்றோடு முடித்துக்கொள்வார். நாலு பேருக்கு இரண்டு புட்டி மது வைப்பார்கள். குடிக்காத காந்தியைத் தங்கள் பந்தியில் உட்கார வைக்க மாணவர்களுக்குள் போட்டி! அவர் பங்கும் மற்ற மூவருக்குக் கிடைக்கும் அல்லவா?

பரீட்சையும் கடினமில்லை. ரோமானியச் சட்டம் ஒன்று; இங்கிலாந்துச் சட்டம் ஒன்று. பலர் சுருக்கக் குறிப்புகளை வாங்கிச் சில வாரம் படித்தே தேறிவிடுவார்கள்.

காந்தி அப்படிச் செய்யவில்லை. பணம் கொடுத்துப் பெரிய புத்தகங்களை வாங்கினார். அவற்றைப் படிக்காமல் விட்டால் அது மோசடி என்று நினைத்தார். ரோமானியச் சட்டத்தை லத்தீன் மொழியிலேயே படித்தார். லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சையும் எழுதினார். முதல் தடவை லத்தீனில் தவறிப் போய், மறுபடி எழுதித் தேறினார்.

செலவிலும் கண்டிப்பு. தொடக்கத்தில் ஆடம்பர உடை, நடன வகுப்பு, பிடில் வகுப்பு என்று சில மாதம் போயிற்று. பிறகு விழித்துக்கொண்டார். அண்ணன் அங்கே கஷ்டப்படுகிறாரே என்ற எண்ணம் உறுத்தியது. ஒற்றை அறைக்குக் குடி மாறினார். காலையில் தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். எங்கும் நடந்தே போனார். ஒரு நாள் செலவு 1 ஷில்லிங் 3 பென்ஸ் ஆகக் குறைந்தது. காசு காசாகக் கணக்கு எழுதி, இரவில் கூட்டிச் சரிபார்த்துவிட்டுத்தான் படுப்பார்.

1891-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி காந்தி பாரிஸ்டர் ஆனார். மறுநாள் ஐகோர்ட்டில் பெயரைப் பதிவு செய்தார். அதற்கு மறுநாள் ஊருக்குக் கப்பல் ஏறினார்.

கையில் பட்டம், மனதில் பயம்

ஏன் அத்தனை அவசரம்? செலவு செய்தது போதும் என்பதுதான்.

மனதுக்குள் பெரும் பயம் இருந்தது. சட்டம் படித்தாயிற்று. ஆனால் கோர்ட்டில் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. இந்தியச் சட்டத்தில் இந்து சட்டம், முகமதியர் சட்டம் எதுவும் சரியாகத் தெரியாது. ஒரு பிராது எழுதவும் தெரியாது. பம்பாயில் பெரோஸ்ஷா மேத்தா கோர்ட்டில் சிங்கம்போல் கர்ஜிப்பார் என்று கேள்விப்பட்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் நடுவே தமக்கு யார் வழக்குக் கொடுப்பார்கள்?

இந்தப் பயத்தை பிரெடரிக் பின்கட் என்ற ஆங்கிலேயரிடம் சொன்னார். எல்லாரும் பெரோஸ்ஷா மேத்தா ஆக வேண்டியதில்லை, நாணயமும் உழைப்பும் இருந்தால் பிழைப்புக்குப் போதும் என்று அவர் தேற்றி அனுப்பினார்.

பம்பாய்த் துறைமுகத்தில் அண்ணன் காத்திருந்தார். அங்கேதான் அந்தச் செய்தி தெரிந்தது. தாயார் காலமாகிவிட்டார்! படிப்பு கெடக்கூடாது என்று தம்பிக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தார்கள். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல ஆவலோடு வந்த மகனுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை.

அண்ணனுக்கோ பெரிய நம்பிக்கை. தம்பி பாரிஸ்டர், வழக்குகள் குவியும், பணம் கொட்டும். அதை நம்பி வீட்டுச் செலவையும் உயர்த்திவிட்டார். சீனாப் பீங்கான் பாத்திரம் வந்தது. தேநீரும் காப்பியும் வந்தன. தம்பியும் கொக்கோ, ஓட்ஸ் கஞ்சி, பூட்ஸ், ஐரோப்பிய உடை என்று சேர்த்தார். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. வரவு மட்டும் இல்லை.

ராஜ்கோட்டில் தொழில் தொடங்கினால் ஊர் சிரிக்கும் என்று காந்திக்குத் தெரிந்தது. உள்ளூர் வக்கீலுக்குத் தெரிந்த சட்டம்கூட அவருக்குத் தெரியாது. பாரிஸ்டர் என்ற பெயருக்காகப் பத்து மடங்கு பீஸ் கேட்க வேண்டும். யார் கொடுப்பார்கள்? அனுபவம் பெறுவதற்காகப் பம்பாய் போனார்.

தலை சுற்றியது!

பம்பாயில் தினமும் ஐகோர்ட்டுக்கு நடந்தே போவார். முக்கால் மணி நேர நடை. வழக்குகளைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல சமயம் வாதம் புரியாது. தூக்கம் வரும். பக்கத்தில் வேறு சிலரும் தூங்குவதைப் பார்த்து வெட்கம் குறைந்தது!

ஒரு பாரிஸ்டர் ஐந்து, ஏழு வருஷம் வழக்கில்லாமல் இருப்பது சகஜம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அந்த ஐந்து, ஏழு வருஷம் வீட்டு வாடகையை யார் கொடுப்பது?

கடைசியில் ஒரு வழக்கு வந்தது. மமிபாய் என்ற பெண்ணின் வழக்கு. ஸ்மால் காஸ் கோர்ட்டு. பிரதிவாதி தரப்பு. பீஸ் 30 ரூபாய்.

வழக்கைக் கொண்டு வந்த தரகருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும் என்றார்கள். மாதம் மூவாயிரம், நாலாயிரம் சம்பாதிக்கும் பெரிய வக்கீலே கொடுக்கிறார் என்றார்கள். காந்தி மறுத்துவிட்டார். ஆனாலும் வழக்கு அவருக்கே வந்தது.

வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நேரம். காந்தி எழுந்தார். கால் நடுங்கியது. தலை சுற்றியது. கோர்ட்டே சுழல்வதுபோல் இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்விகூட வாயில் வரவில்லை. நீதிபதி சிரித்திருப்பார், மற்ற வக்கீல்கள் வேடிக்கை பார்த்திருப்பார்கள். காந்தியின் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாங்கிய பீஸைத் திருப்பிக் கொடுத்தார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த வக்கீல் 51 ரூபாய் வாங்கிக்கொண்டு சுலபமாக வழக்கை நடத்தினார். வழக்கு வென்றதா, தோற்றதா என்றுகூடப் பார்க்காமல் காந்தி வெளியேறினார். தென் ஆப்பிரிக்கா போகும் வரை அவர் மறுபடி கோர்ட்டில் வாதாட எழுந்திருக்கவில்லை.

75 ரூபாய் வேலையும் போயிற்று

ஒரு நாள் பத்திரிகையில் விளம்பரம் பார்த்தார். பேர்பெற்ற ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர் தேவை. தினம் ஒரு மணி நேரம் வேலை. மாதம் 75 ரூபாய்.

காந்தி விண்ணப்பம் அனுப்பினார். நேரில் வரச் சொன்னார்கள். ஆவலோடு போனார். பி.ஏ. பட்டம் இல்லையே என்று கையை விரித்துவிட்டார்கள். லண்டன் மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், லத்தீன் படித்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பட்டதாரி.

எந்தப் பி.ஏ.வைத் தாண்டிக் குதிப்பதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்து சீமைக்குப் போனாரோ, அந்தப் பி.ஏ. இல்லாததால் வேலை போயிற்று!

ஏறக்குறைய ஆறு மாதத்தில் பம்பாய் வாழ்க்கையை முடித்துக்கொண்டு ராஜ்கோட் திரும்பினார். அங்கே மனு எழுதும் வேலை கிடைத்தது. அண்ணனின் கூட்டாளி ஒரு வக்கீல். முக்கியமான மனுக்களை அவர் பெரிய பாரிஸ்டர்களுக்கு அனுப்புவார். ஏழைக் கட்சிக்காரர்களின் மனுக்கள் காந்திக்கு வரும். மாதம் சுமார் 300 ரூபாய் கிடைத்தது. அது படிப்பின் திறமைக்குக் கிடைத்த பணமல்ல, அண்ணனின் பழக்கத்துக்குக் கிடைத்த பணம் என்பது காந்திக்குத் தெரியும். பம்பாயில் மறுத்த கமிஷனை இங்கே வேறு பெயரில் கொடுக்கவும் வேண்டியிருந்தது. அது மனதை உறுத்தியது.

இந்த நிலையில் இன்னொரு அடி விழுந்தது. அண்ணன் மேல் ஒரு புகார். அதை விசாரிக்கும் ஆங்கிலேய அதிகாரியைக் காந்தி லண்டனில் சந்தித்திருந்தார். அந்தப் பழக்கத்தைக் கொண்டு பரிந்து பேசும்படி அண்ணன் வற்புறுத்தினார். காந்தி மனமில்லாமல் போனார். அதிகாரி கோபமடைந்து, பியூனை விட்டு வெளியே தள்ளச் செய்தார். காந்திக்குக் கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி அந்த அதிகாரியின் கோர்ட்டில்தான்! இனி அங்கே எப்படித் தொழில் நடத்துவது?

105 பவுன்

அப்போது போர்பந்தரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தாதா அப்துல்லா கம்பெனி, போர்பந்தரைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரிகளின் நிறுவனம். தென் ஆப்பிரிக்காவில் பெரிய வியாபாரம். அங்கே 40,000 பவுனுக்கு ஒரு வழக்கு நடக்கிறது. வாதாடப் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விஷயத்தை விளக்கவும், ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் ஓர் ஆள் வேண்டும். ஒரு வருஷ வேலை. போகவர முதல் வகுப்புக் கட்டணமும் சாப்பாடும் தந்து, 105 பவுன் கொடுப்பார்கள்.

பாரிஸ்டருக்கு ஏற்ற வேலையா இது? இல்லை. ஏறக்குறைய குமாஸ்தா வேலைதான். இதுவும் பட்டத்தைப் பார்த்து வந்ததல்ல. ஊர்ப் பழக்கத்தால் வந்தது. காந்தி பேரம் பேசவில்லை. ஒப்புக்கொண்டார். மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் விட்டு 1893 ஏப்ரலில் கப்பல் ஏறினார்.

கணக்கில் பிறந்த வக்கீல்

அந்த ஆண்டு ஜூன் மாதம், பிரிட்டோரியாவுக்குப் போகும் வழியில் மாரிட்ஸ்பர்க் ரெயில் நிலையத்தில் நடந்தது ஊரறிந்த கதை. முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்தும் நிறத்தைக் காட்டிக் காந்தியைக் கீழே தள்ளினார்கள். குளிரில் இரவு முழுவதும் விழித்திருந்து, ஊருக்குத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தார்.

அவ்வளவாகப் பேசப்படாத கதை, பிரிட்டோரியாவில் அவர் உண்மையான வக்கீல் ஆன கதை.

வழக்கு முழுவதும் வியாபாரக் கணக்கு. காந்திக்குக் கணக்கு எழுதும் முறை தெரியாது. அதற்கென்று ஒரு புத்தகம் வாங்கிப் படித்தார். பற்று வரவு, புரோநோட்டு எல்லாவற்றையும் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். கட்சிக்காரரைவிட அவருக்கு வழக்கு நன்றாகப் புரிந்தது. உண்மை விவரத்தைப் பிடித்துக்கொண்டால் சட்டம் தானே துணைக்கு வரும் என்பதை அங்கேதான் கண்டார்.

இன்னொன்றும் கண்டார். எதிரி தயாப் சேட், தாதா அப்துல்லாவுக்கு உறவினர். ஒரே ஊர்க்காரர். வழக்கு நீண்டால் வக்கீல் பீஸே இரண்டு பேரையும் அழித்துவிடும். காந்தி இரு தரப்பையும் பார்த்துப் பேசினார். மத்தியஸ்தம் ஏற்பட்டது. தாதா அப்துல்லா வென்றார். 37,000 பவுனும் செலவுத் தொகையும் தயாப் சேட் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

முழுப் பணத்தையும் உடனே கேட்டால் தயாப் சேட் திவாலாகிவிடுவார். காந்தி மறுபடியும் பேசினார். நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளத் தாதா அப்துல்லாவைச் சம்மதிக்க வைத்தார். இரு தரப்பையும் மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிட, தவணைக்கு இணங்க வைப்பதே கஷ்டமாக இருந்ததாம்! இரண்டு பேரும் நண்பர்கள் ஆனார்கள். அதன் பின் ஏறக்குறைய 20 வருஷத் தொழிலில், நூற்றுக்கணக்கான வழக்குகளைக் காந்தி சமரசத்தில் முடித்தார்.

பாலசுந்தரம்

ஒரு வருஷம் முடிந்தது. 1894-ல் ஊர் திரும்பத் தயாரானார். அப்போது நேட்டால் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்கும் மசோதா வந்தது. இருந்து போராட வேண்டும் என்று இந்தியர்கள் கேட்டுக்கொண்டார்கள். பொதுத் தொண்டுக்குச் சம்பளம் வாங்க மாட்டேன் என்றார் காந்தி. சுமார் 20 வியாபாரிகள் தங்கள் சட்ட வேலைக்கு அவரை ஒரு வருஷத்துக்கு அமர்த்திக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வழக்கும் கிடைக்காதவருக்கு, இப்போது 20 நிரந்தரக் கட்சிக்காரர்கள்!

நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் பதிவு செய்யப் போனார். அங்குள்ள வெள்ளை வக்கீல் சங்கம் எதிர்த்தது. தலைமை நீதிபதி எதிர்ப்பைத் தள்ளிவிட்டுப் பதிவு செய்தார்.

தொழில் தொடங்கிச் சில மாதந்தான் ஆகியிருக்கும். ஒரு தமிழர் அவர் முன் வந்து நின்றார். கிழிந்த துணி. முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயில் ரத்தம். தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் பெயர் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலி. முதலாளியான வெள்ளைக்காரர் அடித்துவிட்டார். காந்தியின் குமாஸ்தா தமிழர். அவர் விவரத்தை மொழிபெயர்த்துச் சொன்னார்.

வெள்ளைக்காரர் முன் தலைத்துணியைக் கழற்ற வேண்டும் என்பது கூலிகளுக்கு அங்கே இருந்த கட்டாயம். காந்தி முதலில் செய்த காரியம், தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னதுதான். பாலசுந்தரத்தின் முகம் மலர்ந்தது.

பிறகு டாக்டரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார். நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளிக்குச் சம்மன் போயிற்று. சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டு ஓடினால் உரிமையியல் வழக்கு. ஒப்பந்தக் கூலி ஓடினால் ஜெயில். அதுதான் அன்றைய சட்டம். ஆகவே முதலாளிக்குத் தண்டனை வாங்கித் தருவதைவிடப் பாலசுந்தரத்தை விடுவிப்பதே முக்கியம் என்று காந்தி கண்டார். ஒப்பந்தத்தை வேறு ஒருவருக்கு மாற்றும் வழி சட்டத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, தாமே வேறு நல்ல முதலாளியைத் தேடி மாற்றிக் கொடுத்தார்.

ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. சென்னை ராஜதானி வரை எட்டியது. பம்பாயில் வக்கீல்கள் நிறைய, வழக்கு குறைவு. நேட்டாலிலோ குறை தீராத ஏழைகள் பல்லாயிரம். அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை.

பொய் வழக்கு வேண்டாம்

பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியின் தொழில் செழித்தது. பொய் வழக்கு எடுக்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வழக்கில் அவர் கட்சிக்காரருக்குச் சாதகமாக மத்தியஸ்தர் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு கணக்குப் பிழை. பற்றில் வைக்க வேண்டியதை வரவில் வைத்திருந்தார்கள். பிழை இவர் பக்கத்துக்கு லாபம். ஒப்புக்கொண்டால் தீர்ப்பே ரத்தாகலாம் என்று மூத்த வக்கீல் பயந்து விலகிக்கொண்டார். காந்தி தாமே கோர்ட்டில் எழுந்து பிழையை ஒப்புக்கொண்டு வாதாடினார். பிழையை மட்டும் திருத்தி, தீர்ப்பைக் கோர்ட்டு உறுதி செய்தது. மமிபாய் வழக்கில் வாய் திறக்க முடியாத அதே காந்திதான்!

1908-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி அதே நகரக் கோர்ட்டில் காந்தி மறுபடியும் நின்றார். இம்முறை குற்றவாளிக் கூண்டில். ஆசியர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை மீறினார். பல தடவை வக்கீலாக நின்று வாதாடிய இடத்தில் கைதியாக நின்றபோது சற்றுக் கூச்சமாக இருந்தது என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதம் வெறுங்காவல் கிடைத்தது. போராட்டம் வளர வளரத் தொழிலைக் குறைத்து, கடைசியில் விட்டே விட்டார்.

இந்தியா திரும்பிய பிறகும் சட்டப் படிப்பு துணை நின்றது. 1917-ல் சம்பாரண் அவுரி விவசாயிகளின் குறையை விசாரித்தார். ராஜேந்திர பிரசாத் முதலிய வக்கீல்களை உட்கார வைத்து, ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலத்தைக் குறுக்கு விசாரணை செய்தே எழுதச் சொன்னார். பிரிட்டோரியாவில் கற்ற அதே பாடம். முதலில் உண்மை விவரம்.

பெயர் நீக்கம்

1922 மார்ச் 18-ந் தேதி அரச நிந்தனை வழக்கில் காந்திக்கு ஆறு வருஷ தண்டனை கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பர் 10-ந் தேதி இன்னர் டெம்பிள் சங்கம், பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டது. அண்ணன் பாடுபட்டுப் பணம் தேடி, ஜாதியை இழந்து, தாயின் கடைசி முகத்தைக் காணாமல் வாங்கிய பட்டம் போயிற்று. அவர் மறைந்து 40 வருஷம் கழித்து, 1988-ல்தான் பெயரை மறுபடி சேர்த்தார்கள்.

அந்தப் படிப்பு லாபமா, நஷ்டமா?

1892-ல் அண்ணன் லட்சுமிதாஸைக் கேட்டிருந்தால் நஷ்டம் என்றுதான் சொல்லியிருப்பார். கணக்கும் அதையே காட்டியது. மூன்று வருஷப் படிப்பு, கடன், பெருகிய வீட்டுச் செலவு. பலன் 30 ரூபாய் வழக்கு, அதுவும் திருப்பிக் கொடுத்தாயிற்று. பட்டம் வாங்கிய கையோடு பணம் வரும் என்று எண்ணிச் செலவை ஏற்றியதுதான் அந்தக் குடும்பம் செய்த தவறு.

பட்டம் காந்தியைக் கோர்ட்டு வாசல் வரை கொண்டு போய் விட்டது. உள்ளே போய்ப் பேசும் திறமையை, பட்டம் வாங்கிய பிறகு 105 பவுன் வேலையில் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக் கற்றார். சிறிய வேலை என்று அதைத் தள்ளியிருந்தால் அதுவும் கிடைத்திராது.

பிள்ளையைச் சட்டம் படிக்க அனுப்பும் பெற்றோர், கல்லூரிச் சம்பளத்தோடு அந்தச் சில வருஷங்களுக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பிள்ளையும், கிடைக்கும் முதல் சிறு வேலையை முழுதாகக் கற்றுக்கொள்ள மனம் வைக்க வேண்டும். இரண்டும் இருந்தால் தாராளமாகப் படிக்கலாம்.